தோட்டத்து மழைமானிக்கு எந்த மாட்யூலர் போர்டு? வாங்குமுன் சோதித்துப் பார்க்கும் முழு முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஆபீசுக்குப் பக்கத்துப் புல்தரையில் ஒரு மழைமானி நிற்கும். காலையில் கிராணி (தோட்ட எழுத்தர்) போய், சேர்ந்த நீரை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்து, மில்லிமீட்டரைப் புத்தகத்தில் எழுதுவார். உரம் போடுவதற்கும் மருந்தடிப்பதற்கும் விளைச்சல் கணக்குக்கும் அந்த எண் வேண்டும். ஆனால் ஆபீசில் கொட்டிய மழை ஆற்றோர நிரையில் ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. நம் ஊர் மழை அப்படி. ரப்பரில் பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. ஆளெல்லாம் இருட்டோடு பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நின்ற பிறகு "இன்றைக்கு வெட்டு இல்லை" என்று திருப்பி அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை. "பெரட்டுக்கு முன்னால போன்ல ஒரு நம்பர் வந்தா போதும்ணே, மத்ததை நாங்க பாத்துக்குவோம்" என்றார் எனக்குத் தெரிந்த கிராணி ஒருவர்.

அந்த ஒரு நம்பரை அனுப்பும் பெட்டிதான் இந்த வழிகாட்டியில் நம் எடுத்துக்காட்டு. உங்கள் பொருள் தண்ணீர்த் தொட்டி அளவாகவோ, ஆலைப் பம்பின் வெப்பமாகவோ இருக்கலாம், முறை ஒன்றுதான். மூளை ஒரு போர்டு, சென்சார் ஒரு போர்டு, ரேடியோ ஒரு போர்டு, செருகினால் சேரும், உருவினால் பிரியும் என்ற வகையைத்தான் மாட்யூலர் தளம் என்கிறோம். இதை எடைபோடும்போது பலர் பார்ப்பது, எவ்வளவு சீக்கிரம் விளக்கு மின்னுகிறது என்பதை. அது எல்லாப் போர்டிலும் மின்னும். பொருளின் மிகக் கடினமான வேலையை இது தாங்குமா, வேலை முடிந்ததும் இதை விட்டு வெளியேற வழி உண்டா, இந்த இரண்டைக் கேளுங்கள். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர் பெயிண்டைப் பார்த்து விலை பேச மாட்டார். இன்ஜின் சூடேறிய பிறகு சத்தத்தைக் கேட்பார்.

முதல் படி: பொருளை எண்ணாக மாற்றுங்கள்

போர்டுக் கடைப் பக்கம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டிய கணக்கு இது. மழைமானியில் இரண்டு குட்டி வாளிகள் துலாக்கோல் போல மாறி மாறிச் சாயும். ஒவ்வொரு சாய்வுக்கும் 0.2 மில்லிமீட்டர் மழை. புனலின் வாய்ப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 0.2 மில்லிமீட்டர் என்பது 4 மில்லிலிட்டர் நீர். சாயும்போது ஒரு காந்தம் ரீட் சுவிட்சை, அதாவது காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் சுவிட்சை, தாண்டிப் போகும். அந்தத் துடிப்பை எண்ண வேண்டும்.

மணிக்கு 100 மில்லிமீட்டர் என்று பேய்மழை கொட்டினாலும், ஒரு மணிக்கு 500 சாய்வு. அதாவது 7.2 விநாடிக்கு ஒரு முறை. இந்த ஒரு கணக்கே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். இரட்டைக் கோர், 240 மெகாஹெர்ட்ஸ் என்ற விளம்பரமெல்லாம் நமக்குத் தேவையே இல்லை. ஒரு சாதாரண 8 பிட் சில்லுகூடத் தூங்கித் தூங்கி இதை எண்ணிவிடும். அப்படியானால் எது கடினம்? பேட்டரியில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும், மரங்களைத் தாண்டி செய்தி போக வேண்டும், வெயிலிலும் ஈரத்திலும் கிடக்க வேண்டும். சோதனை நேரத்தின் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும் போகட்டும்.

தாளில் இன்னும் சில வரிகள்: எத்தனை நேரத்துக்கு ஒரு செய்தி, பேட்டரி மாற்ற ஆள் போக எத்தனை மாதம் ஆகலாம், முதல் தவணையில் எத்தனை பெட்டி, ஒரு பெட்டிக்கு எத்தனை ரிங்கிட்வரை தோட்டம் கொடுக்கும். கடைசி எண்ணை நீங்களே ஊகிக்காதீர்கள், கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: சந்தையில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தல்

குடும்பங்கள் நிறைய. சீட் ஸ்டூடியோவின் குரோவ், நான்கு கம்பிப் பிளக்கில் எல்லாம் செருகும். எம்5ஸ்டாக், திரையும் பெட்டியும் சேர்த்தே வருகிற ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள மலிவுச் சில்லு). ஆலைக்குள் காட்டிப் பேச அழகாக இருக்கும். அடாஃப்ரூட்டின் ஃபெதர், மெல்லிய போர்டு, லித்தியம் பேட்டரிக்குப் பிளக்கும் சார்ஜரும் போர்டிலேயே உண்டு. ஸ்பார்க்ஃபன் 2020-இல் கொண்டுவந்த மைக்ரோமாட், மடிக்கணினியில் எஸ்எஸ்டி செருகும் அதே எம்.2 வாயில் மூளையைச் செருகித் திருகு போடும் முறை. மைக்ரோஎலக்ட்ரானிகாவின் கிளிக் போர்டுகள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. ராக் வயர்லெசின் விஸ்பிளாக், அடிப்போர்டு ஒன்றில் மூளையையும் சென்சாரையும் குட்டித் திருகால் பொருத்துவது. இது போக, நம் பினாங்கு சைட்ரான் விற்கிற மேக்கர் வரிசை போர்டுகளில் குரோவ் வாய்கள் இருக்கும். மறுநாளே கைக்கு வந்துவிடும் என்பது அதன் பெரிய பலம்.

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். இரண்டை மட்டும் எடுங்கள். இரண்டும் வேறு வேறு இனமாக இருக்கட்டும். மழைமானிக்கு நான் எதிரெதிரே வைப்பது விஸ்பிளாக்கையும், ராஸ்பெரி பை பிகோ என்ற மலிவுப் போர்டோடு ஒரு 4ஜி மோடம் சேர்ந்த கூட்டணியையும். ஒன்று லோரா ரேடியோ (குறைந்த மின்சாரத்தில் சின்னச் செய்தியைத் தூரம் அனுப்புவது), மற்றது செல்போன் வலை. ஒரே சில்லு உள்ள இரண்டு போர்டை ஒப்பிட்டு என்ன தெரியப்போகிறது?

வாங்கும் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அமெரிக்கக் கடையிலிருந்து ஒரே ஒரு சென்சார் வரவழைத்தால், அஞ்சல் செலவு சென்சாரின் விலையைத் தாண்டிவிடும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் கிடைக்கும் உதிரிகளுக்கு இணையத்தில் மல்லுக்கட்டாதீர்கள்.

மூன்றாம் படி: மின்சாரம்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் தரவுத்தாள் பொய் சொல்வதில்லை. ஈஎஸ்பி32 சில்லு ஆழ்ந்த தூக்கத்தில் ஏறக்குறைய 10 மைக்ரோஆம்பியர் குடிக்கும் என்று எழுதியிருக்கும், அது உண்மை. ஆனால் நீங்கள் வாங்கியது சில்லை அல்ல, போர்டை. மலிவுப் போர்டில், வோல்ட்டை இறக்கித் தரும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் அளவில் குடிக்கும். யுஎஸ்பி சில்லு தன் பங்குக்குக் கொஞ்சம், சிவப்பு விளக்கு ஒன்றோ இரண்டோ மில்லிஆம்பியர். சில்லு தூங்குகிறது, வீடு முழுக்க விளக்கு எரிகிறது.

3000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 பேட்டரியை வைத்துக் கணக்குப் போடுங்கள். அர்டுயீனோ ஊனோ சும்மா இருந்தாலே 45 மில்லிஆம்பியருக்குப் பக்கம் இழுக்கும். மூன்று நாள்கூட நிற்காது. தூக்கத்தில் 10 மில்லிஆம்பியர் குடிக்கும் போர்டு 300 மணி நேரம், அதாவது பன்னிரண்டு நாள் சொச்சம். பிகோ போர்டின் ஆழ்ந்த தூக்கம் ஏறக்குறைய 0.8 மில்லிஆம்பியர், ஐந்து மாதம் வரும். 50 மைக்ரோஆம்பியரில் தூங்கும் போர்டுக்குக் கணக்கு ஆண்டுகளில் போகும், அதற்கு முன் பேட்டரி தானாகவே வயதாகிவிடும். ஐந்து மாதம் போதுமா, ஆண்டுக்கணக்கு வேண்டுமா என்பதை முதல் படியில் எழுதிய தாள் சொல்லும்.

இதை எப்படி அளப்பது? நார்டிக்கின் பவர் புரொஃபைலர் கிட் 2 கையில் இருந்தால் நல்லது, கோடு வரைந்தே காட்டும். இல்லாவிட்டால் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் ஒரு சாதாரண சுவிட்சும் போதும். பேட்டரியின் நேர்முனைக் கம்பியை வெட்டி நடுவில் ரெசிஸ்டரை வையுங்கள், அதன் இரண்டு காலுக்கும் குறுக்கே சுவிட்சைப் போடுங்கள். சுவிட்ச் மூடியிருக்கும்போது மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் போகும். போர்டை இயக்கி, அது தூங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறம் சுவிட்சைத் திறங்கள். ரெசிஸ்டரின் மேல் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். 5 மில்லிவோல்ட் காட்டினால் 50 மைக்ரோஆம்பியர். 80 காட்டினால் 0.8 மில்லிஆம்பியர். போர்டு விழிப்பதற்கு முன் சுவிட்சை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ரேடியோ இழுக்கும் மின்சாரத்துக்கு அந்த 100 ஓம் வழிவிடாது, போர்டு ரீசெட் ஆகிவிடும். மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் அளவில் நேராக வைத்து அளக்கிறவர்களுக்கும் இதே கதிதான், சில நேரம் உள்ளே இருக்கும் ஃபியூசும் போய்விடும்.

அளவு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், மாட்யூலர் தளத்தின் நன்மை இங்கே கைகொடுக்கும். ஒவ்வொரு மாட்யூலாக உருவுங்கள், ஒவ்வொரு தடவையும் எண்ணைப் பாருங்கள். எந்த மாட்யூலை உருவும்போது எண் சரிகிறதோ அதுதான் குடிகாரன். பெரும்பாலும் சென்சார் மாட்யூலில் உள்ள விளக்காகவோ தனி ரெகுலேட்டராகவோ இருக்கும். விளக்கைச் சால்டர் முனையால் எடுத்துவிடலாம். ரெகுலேட்டர் அடிப்போர்டிலேயே இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தளத்தைக் கழித்துவிடுங்கள்.

தூக்கம் முடிந்தது, விழிப்பைப் பாருங்கள். செல்போன் மோடம் வலையில் சேர்ந்து செய்தி அனுப்ப 30 விநாடி, சராசரி 100 மில்லிஆம்பியர் என்று வைத்தால், ஒரு செய்திக்கு 0.83 மில்லிஆம்பியர்-மணி. மணிக்கு ஒரு செய்தி என்றால் நாளைக்கு 20. எஸ்எக்ஸ்1262 லோரா ரேடியோ முழு வலுவில் 120 மில்லிஆம்பியருக்குப் பக்கம் இழுத்தாலும், வேலை 0.4 விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு செய்திக்கு 0.013 மில்லிஆம்பியர்-மணிதான். அறுபது மடங்கு வித்தியாசம். பிகோவின் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டோமே, மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கணக்கு. ஆக, அந்தக் கூட்டணிக்குச் சோலார் இல்லாமல் வழியில்லை.

சோலார் என்றதும் ஒரு எச்சரிக்கை. சாதாரண லித்தியம்-அயன் பேட்டரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நண்பகல் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். தளத்தில் உள்ள சார்ஜர் வெப்பத்தைப் பார்த்துச் சார்ஜை நிறுத்துமா, அதற்கான தெர்மிஸ்டர் கால் வெளியே விட்டிருக்கிறார்களா என்று சர்க்யூட் படத்தில் தேடுங்கள்.

நான்காம் படி: ரேடியோ

மழைமானியை மரத்தடியில் வைக்க முடியாது. பக்கத்து மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி, வானம் பார்த்து நிற்க வேண்டும். முதிர்ந்த ரப்பர் 20 மீட்டர் என்றால் 40 மீட்டர் வெட்டவெளி. அப்படி இடம் கிடைப்பது நாற்றங்கால் போன்ற இடங்களில்தான். ஆக, பெட்டி நிற்பது வெளியில், செய்தி போக வேண்டிய பாதை முழுக்கக் காடு. 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்ட செம்பனை, ஓலையோடு ஓலை பின்னிக் கிடக்கும். விளம்பரத்தில் சொல்லும் கிலோமீட்டர் கணக்கை அங்கே நம்பாதீர்கள்.

லோராவுக்குச் சோதனை இப்படி. பெட்டிகளின் செய்தியைப் பிடித்து இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயின் ஆன்டெனாவை ஆபீஸ் கூரைக்கு மேலே ஏற்றுங்கள். பெட்டி நிமிடத்துக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இருக்கட்டும். மோட்டாரில் போய் ஒவ்வோர் இடத்திலும் பெட்டியை உண்மையில் நிற்கப்போகிற உயரத்தில் கட்டி, 50 செய்தி போகும்வரை காத்திருங்கள். கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், உங்கள் உடம்பே சிக்னலை மறைக்கும். எத்தனை எண் விட்டுப்போயிற்று, சிக்னல் வலு எவ்வளவு, இரைச்சலுக்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதே இடங்களுக்கு மழை விட்ட கையோடு இன்னொரு தடவை போக வேண்டும். நனைந்த இலை சிக்னலை அதிகம் குடிக்கும். நமக்கோ செய்தி தேவைப்படுவதே மழை நாளில்தான். காய்ந்த நாள் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் மொத்த வேலையும் வீண்.

வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். லோரா பெட்டிகளும் கேட்வேயும் பேசும் விதிமுறையான லோராவானில் மலேசியாவுக்கு ஏஎஸ்923 அலைவரிசைத் திட்டம். அடிப்படைச் சேனல்கள் 923.2, 923.4 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பாவின் 868 நமக்கு ஆகாது. விஸ்பிளாக் போன்ற குடும்பங்களில் தாழ்பட்டை, உயர்பட்டை என்று இரண்டு வகை விற்கிறார்கள். உயர்பட்டையைக் கேட்டு வாங்குங்கள், ஆன்டெனாவும் அதற்குப் பொருந்த வேண்டும். ஆன்டெனா மாட்டாமல் ரேடியோவை இயக்கக் கூடாது, வெளியீட்டுப் பகுதி கருகும் வாய்ப்பு உண்டு.

செல்போன் வழி என்றால், முதலில் பெட்டி நிற்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் 4ஜி கிடைக்கிறது என்று ஒவ்வொரு சிம்மாகப் போட்டுப் பாருங்கள். மலேசியாவில் 3ஜி வலை 2021 கடைசியோடு மூடப்பட்டுவிட்டது. இணையச் சந்தையில் 3ஜி மோடம் மாட்யூல்கள் இன்றும் மலிவாகக் கிடக்கும். ஏன் மலிவு என்று இப்போது புரிந்திருக்கும். 2ஜி மோடம் இன்னொரு தொல்லை: அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர்வரை இழுக்கும், பேட்டரிக் கம்பி மெலிந்திருந்தால் போர்டு மயங்கி விழும். 4ஜி கேட்-1 (வேகம் குறைந்த, இந்த மாதிரி வேலைக்கான 4ஜி) வகை மாட்யூலையே எடுங்கள்.

ஐந்தாம் படி: செருகும் வசதிக்குள் ஒளிந்திருக்கும் தொல்லைகள்

நான்கு கம்பிப் பிளக்குகள் எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. ஸ்பார்க்ஃபனின் குவிக், அடாஃப்ரூட்டின் ஸ்டெம்மா க்யூடி இரண்டும் 1 மில்லிமீட்டர் இடைவெளி, 3.3 வோல்ட், ஐ2சி (இரண்டு கம்பியில் சில்லுகள் பேசிக்கொள்ளும் முறை) மட்டும். குரோவ் 2 மில்லிமீட்டர்; அதில் 5 வோல்ட்டும் வரும், 3.3-உம் வரும், சில வாயில் ஐ2சி, சில வாயில் வெறும் டிஜிட்டல். எம்5ஸ்டாக் குரோவோடு பொருந்தும், ஆனால் மின்கம்பியில் 5 வோல்ட். செருகுமுன் மீட்டரை வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஐ2சி-யில் ஒவ்வொரு மாட்யூலும் தன் சொந்த புல்-அப் ரெசிஸ்டரோடு (கம்பியைச் சும்மா இருக்கும்போது 3.3 வோல்ட்டுக்கு இழுத்து வைப்பது) வரும். ஒன்று, இரண்டு என்றால் பரவாயில்லை. தலைக்கு 4.7 கிலோஓம் வைத்திருக்கும் ஐந்து மாட்யூலைக் கோத்தால், எல்லாம் இணையாகச் சேர்ந்து 940 ஓம் ஆகிவிடும். 3.3 வோல்ட்டில் அது 3.5 மில்லிஆம்பியர், ஐ2சி விதி வழக்கமாக உறுதி சொல்வது 3 மில்லிஆம்பியருக்குத்தான். மேசையில் ஓடும், வெளியில் எப்போதாவது தொங்கும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். நல்ல தளங்களில் புல்-அப்பை வெட்டிவிட ஒரு சால்டர் பாலம் அச்சிட்டிருப்பார்கள். அது இருக்கிறதா என்று பாருங்கள். அதை வைத்தே வடிவமைத்தவரின் அக்கறை தெரிந்துவிடும்.

முகவரிச் சிக்கலும் உண்டு. பிஎம்இ280 போன்ற சென்சாருக்கு ஹெக்ஸ் 76, 77 என்று இரண்டே முகவரி. மூன்றாவதைச் சேர்க்க, கம்பியை மாற்றி மாற்றி இணைக்கும் மல்டிபிளெக்சர் சில்லு வேண்டும். கம்பி நீளமும் அப்படியே. ஐ2சி ஒரே பெட்டிக்குள் பேசிக்கொள்ளும் முறை. மொத்த மின்தேக்கம் 400 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும். சென்சார் மீட்டர் கணக்கில் தள்ளி நின்றால் நீளக் கம்பிக்கான ஆர்எஸ்-485 மாட்யூல் அந்தக் குடும்பத்தில் கிடைக்குமா என்று தேடுங்கள். நம் ரீட் சுவிட்சுக்கு வெறும் இரண்டு கம்பி போதும், ஆனால் இடி மின்னலுக்குப் பெயர்போன ஊரில் அந்தக் கம்பியே ஆன்டெனாவாகிவிடும். திடீர் மின்னழுத்தத்தை விழுங்கும் டிவிஎஸ் டையோடு ஒன்று வையுங்கள். சுவிட்ச் ஒரு தடவை மூடும்போது பல தடவை துடிக்கும்; அதை மென்பொருளில் வடிகட்டியாயிற்றா என்பதற்கு எளிய சோதனை, புனலில் 400 மில்லிலிட்டர் தண்ணீரை மெல்லச் சொட்டவிடுவது. சரியாக 100 சாய்வு எண்ண வேண்டும். 130 வந்தால் வடிகட்டல் பத்தவில்லை. 90 வந்தால் வாளித் திருகைச் சரிசெய்யுங்கள்.

ஆறாம் படி: மென்பொருள்

உற்பத்தியாளரின் எடுத்துக்காட்டு நிரல் ஓடுவதை ஒரு மாலையில் பார்த்துவிடலாம், அதற்கு மதிப்பெண் கிடையாது. நீங்களே எழுதிய இந்த வேலை ஓட வேண்டும்: தூங்கு, சுவிட்ச் எழுப்பினால் எண்ணிக்கையைக் கூட்டு, மணிக்கு ஒரு முறை அனுப்பு, பதில் வராவிட்டால் சேமித்து வை, மின்சாரம் போய் வந்தாலும் எண்ணிக்கையை இழக்காதே. பாதித் தளங்கள் இதில் "சேமித்து வை" என்ற இடத்தில் தடுமாறும்.

நூலகங்களைப் பொறுத்தவரை, கடைசியாக எப்போது திருத்தினார்கள், எந்த உரிமத்தில் தருகிறார்கள் என்று பாருங்கள். எம்ஐடி உரிமம் தொல்லையில்லாதது. ஜிபிஎல் என்றால் விற்கும் பொருளின் நிரலையும் திறந்து காட்ட வேண்டி வரும். அது உங்களுக்குச் சம்மதமா என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள். ஓடுகிற பதிப்பின் எண்ணை எழுதி வைத்து, அதிலேயே நிறுத்துங்கள். 2024-இல் ஈஎஸ்பி32-க்கான அர்டுயீனோ மென்பொருள் 3.0-க்கு மாறியபோது, விளக்கு மங்கலாக்கும் சில கட்டளைகளையே எடுத்துவிட்டார்கள். முதல் நாள்வரை ஓடிய நிரல் மறுநாள் கம்பைல் ஆகவில்லை. யாரும் தப்புச் செய்யவில்லை, ஆனால் பதிப்பைப் பூட்டாதவர்கள் ஒரு வாரம் இழந்தார்கள்.

பிழைதேட எஸ்டபிள்யூடி அல்லது ஜேடேக் கால்கள் வெளியே இருக்கின்றனவா? வாட்ச்டாக் (நிரல் தொங்கினால் போர்டைத் திரும்ப எழுப்பும் காவல்) வேலை செய்கிறதா? வேண்டுமென்றே முடிவில்லாச் சுழலை நிரலில் போட்டுப் பாருங்கள், தானாக எழுந்துகொள்ள வேண்டும். எழாத பெட்டிக்காக யாராவது இருபது நிமிடம் செம்மண் சாலையில் போக வேண்டியிருக்கும்.

ஏழாம் படி: வெளியே போகும் வழி

நூறு பெட்டி விற்கும்போது மாட்யூலைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. விலை கட்டுப்படியாகாது, பிளக்குகள் ஈரத்தில் பச்சை பூக்கும். ஒரு நாள் சொந்த பிசிபி (அச்சிட்ட சர்க்யூட் போர்டு) போட வேண்டும். அன்றைக்கு இந்தத் தளத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துப்போகலாம்?

சர்க்யூட் படம் முழுதாக வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்பார்க்ஃபனும் அடாஃப்ரூட்டும் பெரும்பாலும் வடிவக் கோப்பையே தருவார்கள். அதைவிட முக்கியம், போர்டின் மூளை தனியே வாங்கி ஈயம் வைக்கும் மாட்யூலாகக் கிடைக்கிறதா என்பது. விஸ்பிளாக்கின் ராக்4631-க்கு உள்ளே இருப்பது ராக்4630 என்ற தனி மாட்யூல்தான். ஈஎஸ்பி32 போர்டுகளில் உள்ள வ்ரூம் (WROOM) மாட்யூலும் அப்படித்தான். இப்படி இருந்தால் நிரல் மாறாது, ரேடியோ வடிவமைப்பு மாறாது, சுற்றியுள்ள கம்பிகள் மட்டும் மாறும். மூளை ஒரே நிறுவனத்தின் மூடிய பெட்டியில் மட்டும் கிடைக்குமென்றால், நீங்கள் செய்தது முன்மாதிரி அல்ல, செயல்விளக்கம்.

தளமே மறைந்துபோகவும் கூடும். இன்டெல் 2014-இல் எடிசன் என்ற குட்டி மாட்யூலைப் பெரிய ஆரவாரத்தோடு விட்டது. 2017 ஜூனில் நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய பெயர் என்பது நீண்ட ஆயுளுக்கு உத்தரவாதமில்லை. எவ்வளவு காலம் தயாரிப்போம் என்று எழுத்தில் சொல்கிறார்களா என்று தேடுங்கள். ராஸ்பெரி பை நிறுவனம், பிகோவில் இருக்கும் ஆர்பி2040 சில்லை 2041 ஜனவரிவரையாவது தருவோம் என்று சொல்லியிருக்கிறது. 2021-22 சில்லுத் தட்டுப்பாட்டில் எஸ்டிஎம்32 சில்லுக்கு அலைந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

ரேடியோ உள்ள பொருளை மலேசியாவில் விற்க, தொலைத்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி விதிப்படி சிரிம் நிறுவனத்தின் சான்று வேண்டும். உள்ளே உள்ள ரேடியோ மாட்யூலுக்கு முன்பே சோதனை அறிக்கைகள் இருந்தால் வேலை குறையும். அந்த அறிக்கைகளை விற்பவர் தருவாரா என்று இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வரும் வேகமே ஒரு சோதனை.

எட்டாம் படி: வெளியில் விடுங்கள்

இரண்டு தளத்தையும் ஒரே மாதிரிப் பெட்டியில் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாரம் நிறுத்துங்கள். மணிக்கு ஒரு செய்தி என்றால் 336 வர வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஐபி65 (தூசியும் தண்ணீர் வீச்சும் புகாத) பெட்டி போதும். கம்பி உள்ளே போகும் கிளாண்ட் அடிப்பக்கம் இருக்கட்டும், மேலே வைத்தால் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. எறும்புக்குப் பயப்படுங்கள், மழையைவிட அதிகமாக. இளஞ்சூடாக, உலர்வாக இருக்கும் பெட்டி அதற்கு அரண்மனை. துளை ஒன்றை விட்டால் ஒரு வாரத்தில் முட்டையோடு குடியேறும்.

பக்கத்தில் கிராணியின் பழைய மழைமானியும் இருந்தால் அதிர்ஷ்டம். தினமும் இரண்டு எண்ணையும் எழுதி ஒப்பிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்தால் ஈரம் உள்ளே போய்விடும், சோதனையும் கெட்டுவிடும்.

முடிவெடுத்தல்

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டும் அட்டவணையில் எனக்கு நம்பிக்கையில்லை. அழகான ஆவணம் எட்டு, மோசமான தூக்கம் மூன்று என்று கூட்டினால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடிவிடும். கழிக்கும் கோடு போடுங்கள்: தூக்கம் இவ்வளவுக்கு மேல் போனால் வேண்டாம், நனைந்த நாளில் 50-க்கு 45 செய்தி வராவிட்டால் வேண்டாம், மூளை தனியே கிடைக்காவிட்டால் வேண்டாம். மிஞ்சியதில் மலிவானதை எடுங்கள்.

ஒரே தோட்டத்தில் ஐந்தாறு இடத்தில் மானி வைத்து, ஆபீசில் ஒரு கேட்வே வைக்க முடியுமென்றால் நான் விஸ்பிளாக் பக்கம்தான் போவேன். ஒரு சிறுதோட்டக்காரருக்கு ஒரே ஒரு பெட்டி என்றால் கேட்வே செலவு வீண்; பிகோ, 4ஜி மோடம், ஒரு சோலார் தகடு, மாதாமாதம் சிம் கட்டணம் என்று போய்விடலாம். கையில் ஏற்கெனவே எம்5ஸ்டாக் இருந்தால் அதை கிராணியிடம் காட்டிப் பேச வைத்துக்கொள்ளுங்கள். எண் எந்த அளவில் தெரிய வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று கேட்பதற்கு அதைப்போல் வசதி இல்லை.

சொந்த பிசிபி வந்த பிறகும் மாட்யூல் செட்டைப் பிரித்து விற்றுவிடாதீர்கள். புதுப் போர்டில் ஏதாவது ஓர் எண் முறைத்துக்கொண்டால், அதே சென்சாரைக் கழற்றிப் பழைய செட்டில் மாட்டுங்கள். கோளாறு சென்சாரிலா, நீங்கள் வரைந்த பிசிபியிலா என்று ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிடும்.